42 என்பது எத்தனை மில்லிமீட்டர்?

உங்கள் சப்பாத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அடியிலோ நாக்கின் உட்புறத்திலோ ஓர் எண் இருக்கும். 8 என்றிருக்கலாம், 42 என்றிருக்கலாம். அந்த எண் எதை அளக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? சென்ற ஆண்டு வரை என்னாலும் முடியவில்லை. இத்தனைக்கும் முதலாம் படிவ மாணவர்களுக்கு ஆண்டுதோறும் அளவீட்டுப் பாடம் நடத்துகிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் பக்கம் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டுவது என் வழக்கம். பெடலில் பூட்டிக்கொள்ளும் சைக்கிள் சப்பாத்து ஒன்றை இணையத்தில் 420 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். ஓடுவதற்கு நான் அணிவது 42. அதனால் இதிலும் 42. போட்டுப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. ஆனால் 30 கிலோமீட்டர் தாண்டியதும் வலது காலில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின.

முதல் வாரம் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது வாரம் பயம் வந்துவிட்டது. என் அப்பாவுக்கு இருபது ஆண்டுகளாக இனிப்பு நீர். அவருக்கும் விரல் நுனியில்தான் மரத்துப்போகத் தொடங்கியது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கிளினிக்குக்குப் போனேன். இரத்தத்தில் சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. பிறகு மருத்துவர் இரண்டே கேள்விகள் கேட்டார். “சைக்கிள் ஓட்டாத நாளில் மரத்துப்போகிறதா?” இல்லை. “வேறு சப்பாத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தீர்களா?” இல்லை. ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்று வகுப்பில் ஓயாமல் சொல்கிறவனுக்கு, அதைத் தன் காலில் செய்து பார்க்கத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு பழைய சப்பாத்தோடு 50 கிலோமீட்டர் ஓட்டினேன். விரல்கள் நன்றாகவே இருந்தன.

அப்படியானால் 42இல் என்ன கோளாறு? ஐரோப்பிய அளவில் ஓர் அலகு என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீட்டர். 42ஐ அதனால் பெருக்கினால் 28 சென்டிமீட்டர் வரும். பிரிட்டிஷ் அளவில் ஓர் அலகு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8.47 மில்லிமீட்டர். ஒரு வாற்கோதுமை மணியின் நீளமாக அந்தக் காலத்தில் வைத்துக்கொண்ட அளவு அது. ஆக, இரண்டு முறைகளின் படிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அந்த 28 சென்டிமீட்டர் உங்கள் பாதத்தின் நீளம் அன்று. சப்பாத்து செய்யும்போது உள்ளே வைக்கும் கால் வடிவ அச்சின் நீளம். விரல்களுக்கு முன்னால் எவ்வளவு இடம் விடுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. ஒரு நிறுவனம் 10 மில்லிமீட்டர் விடுகிறது, இன்னொன்று 20 விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனத்தின் 42, 270 மில்லிமீட்டர் பாதத்துக்கு. இரண்டாவதின் 42, 260 மில்லிமீட்டர் பாதத்துக்கு. எண் ஒன்றுதான். வேறுபாடோ ஒன்றரை அளவு! இதில் அகலம் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை.

சாதாரணச் சப்பாத்தில் இந்தப் பிழையைக் கால் பொறுத்துக்கொள்ளும். அடிப்பாகம் வளையும், மேல்துணி நாளடைவில் தளரும். சைக்கிள் சப்பாத்தின் அடிப்பாகம் கெட்டி நைலான் அல்லது கார்பன் இழை. மிதிக்கும் விசை வீணாகாமல் இருக்க, அது வளையாதபடிதான் செய்யப்படுகிறது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 5,400 முறை பாதத்தின் அதே பகுதி அழுத்தப்படுகிறது. சப்பாத்து ஒடுக்கமாக இருந்தால், விரல்களின் அடியிலுள்ள எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்புகள் நசுங்கும். விரல் மரத்துப்போவது அதனால்தான். பெரிதாக இருந்தாலும் தொல்லையே. குதிகால் தூக்கும், விரல்கள் பிடிமானம் தேடி மடங்கும், பெடலில் பூட்டும் கிளீட் பாதத்துக்குச் சரியான இடத்தில் அமையாது.

எனவே வாங்கும் முன் அளந்துவிடுங்கள். மாலையில் அளப்பது நல்லது, பகல் முழுதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். வழக்கமாக அணியும் காலுறையோடு, குதிகால் சுவரில் படும்படி ஒரு தாளின்மேல் எழுந்து நில்லுங்கள். பென்சிலைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து, மிக நீளமான விரலின் நுனியைக் குறியுங்கள். அது எப்போதும் பெருவிரலாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பாதத்தின் மிக அகன்ற பகுதியையும் குறியுங்கள். இரண்டு கால்களையும் அளந்து, பெரியதைக் கணக்கில் எடுங்கள். பிறகு அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஷிமானோ தன் அட்டவணையில் 42க்கு 26.5 சென்டிமீட்டர், 43க்கு 27.2 சென்டிமீட்டர் என்று பாத நீளத்தைச் சொல்கிறது. அகலமான பாதங்களுக்குத் தனி வகையும் வைத்திருக்கிறது. என் பாதம் 268 மில்லிமீட்டர், அகலமும் சற்று அதிகம். நான் வாங்கியிருந்ததோ ஒடுக்கமான வகை. 420 ரிங்கிட் கொடுத்துக் கற்ற பாடம் இது.

ஆனால் இந்தப் பாடத்தை ஒவ்வொருவரும் காசு கொடுத்துத்தான் கற்க வேண்டுமா? பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரிலேயே குறிக்கும் மொண்டோபாயிண்ட் என்ற முறை இருக்கிறது. ஐஎஸ்ஓ 9407 என்ற அனைத்துலகத் தரநிலையும் அதற்கு உண்டு. பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்கு இந்த முறைதான் வழக்கம். ஜப்பானில் சப்பாத்துகள் பொதுவாகப் பாத நீளத்தைக் கொண்டே சென்டிமீட்டரில் விற்பனையாகின்றன. அரிசியைக் கிலோவிலும் பெட்ரோலை லிட்டரிலும் வாங்கும் நாம், காலில் போடுவதை மட்டும் ஏன் வாற்கோதுமை மணியில் வாங்க வேண்டும்? சப்பாத்துப் பெட்டியில் மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

“நீளம் ஒன்றாக இருந்தாலும் வடிவம் வேறுபடுமே” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். போட்டுப் பார்ப்பதற்கு ஈடாக எந்த எண்ணும் இல்லை. ஆனால் எதை அளக்கிறது என்று தெரியாத எண்ணைவிட, தெரிந்த எண் மேல். இணையத்தில் வாங்குகிறவருக்கு அது ஒன்றுதான் துணை.

போட்டுப் பார்த்தும் பயனில்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். எனக்குச் சப்பாத்து கடித்தபோது விரல் சொல்லிவிட்டது. இனிப்பு நீரால் உணர்வு குறைந்த பாதம் சொல்லாது. கடித்த இடம் புண்ணாகி, காலுறையில் ஈரம் பட்ட பிறகுதான் தெரியவரும். அதனால்தான் அன்று மாலை அப்பாவையும் தாளின்மேல் நிற்கவைத்தேன். “எனக்கு எதற்குப்பா சைக்கிள் சப்பாத்து?” என்று சிரித்தார். அவருடைய பாதம் 259 மில்லிமீட்டர். கோயிலுக்கும் கடைக்கும் அவர் போட்டுப் போகும் சப்பாத்தின் உள்தகட்டை உருவி அளந்தேன். 254.

“இறுக்கமாகவே இல்லையேப்பா” என்றார் அவர்.

உங்களுக்கு விரல் மரத்துப்போனால், சப்பாத்துதான் காரணம் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இனிப்பு நீர் உள்ள பெரியவர் இருந்தால், இந்த வாரம் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். அடுத்த முறை கடையில் “என்ன சைஸ்?” என்று கேட்டால், “இது எத்தனை மில்லிமீட்டர் பாதத்துக்கு?” என்று திருப்பிக் கேளுங்கள். பலரும் கேட்கத் தொடங்கினால், பெட்டியில் அச்சிட அவர்களுக்கு அதிக நாள் ஆகாது.