வெல்டிங் வெச்ச வரலாறு

போன மாசம் எங்க குடுமியான்மலையில ஒரு கோல்ட் ரிவால்வர் செத்துப்போச்சு மக்களே. கொன்னது வெல்டிங் பட்டறை. கொல்ல வெச்சது பயம்.

1851 நேவி மாடல். பீப்பாய் மேல 'அட்ரஸ் கர்னல் கோல்ட், லண்டன்'னு பொறிச்சிருந்துச்சு. சாமுவேல் கோல்ட் 1853ல தேம்ஸ் கரையில தொறந்து, சில வருசத்துலயே மூடிட்டுப் போன தொழிற்சாலையோட சரக்கு. குண்டு போடற உருளையைச் சுத்தி, 1843ல டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதின கடற்சண்டைப் படம், தேய்ஞ்சும் தேயாம. அடுத்த தெரு வீட்டுப் பரண்ல மூணு தலைமுறையா சும்மா கிடந்தது. வீட்டுக்காரர் விவரம் கேக்கப்போன எடத்துல "சுடவே முடியாதபடி பண்ணி வெச்சுக்கங்க"ன்னுட்டாங்க. குழாயையும் ஆறு அறையையும் அடைச்சாச்சு. இப்போ அது பேப்பர் வெயிட்.

1959 ஆயுதச் சட்டத்தோட 45ஆம் பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருது. ஆனா ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாததா இருக்கணுமாம்! எண்ணெய் போட்டுப் பாதுகாத்தவன் மாட்டிக்குவான், துருப்பிடிக்க விட்டவன் உத்தமன். அமெரிக்க கூட்டரசுச் சட்டத்துல 1898 வரைக்கும் செஞ்சது பழம்பொருள்னு ஒரு கோடு போட்டிருக்கான். லைசென்ஸ் வாங்கலாமேங்கறீங்களா? 2019 திருத்தத்துல ஒருத்தருக்கு ரெண்டே துப்பாக்கின்னு சுருக்கியாச்சு. பாட்டன் சொத்தும் அந்த ரெண்டுக்குள்ளதான். சேகரிக்கிறவன் எங்கய்யா போவான்?

"கொலைக்கருவி மேல என்ன ஆசை?"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். தீபாவளிக்குப் பசங்க வெடிக்கிற பொட்டு கேப் இருக்கே, அதே தத்துவம்தான் சாமி. ஒவ்வொரு அறையிலயும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை நெம்புகோலால அமுக்கி, பின்பக்கக் காம்புல செப்பு கேப்பைச் செருகணும். இப்படி ஆறு தடவை. இதைத் தூக்கிட்டு எவன் கொள்ளையடிக்கப் போறான்?

சரி, காட்டுப்பன்னி சுடற நாட்டுத் துப்பாக்கியிலயும் இதே கேப்தான். போலீஸ் கவலை நியாயம்தான், ஒத்துக்கறேன். அப்போ மருந்தையும் கேப்பையும் புடிங்க. 1850கள்ல செஞ்சதைப் படம் எடுத்து, நம்பரைப் பதிஞ்சு வீட்டுலயே இருக்க விடுங்க. பயமா இருந்தா திருக்கோகர்ணத்துல மியூசியம் இருக்கு, 1910லேருந்து. அங்க குடுக்கச் சொல்லுங்க. வெல்டிங் எதுக்கு?

1801ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட கையோட, தெக்கத்திப் பாளையங்கள்ல ஆயுதம் வெச்சுக்கக் கூடாதுன்னு கும்பெனி அறிக்கை விட்டுச்சு. அவனுக்குப் பயம், அர்த்தம் இருந்துச்சு. நம்ம தொண்டைமான் அவன் பக்கம் நின்னவரு, அது வேற சோகக்கதை. ஆனா புதுக்கோட்டை ராஜாவோட ஆயுதசாலையில வளரிகளைச் சேர்த்து வெச்சிருப்பாங்கன்னு 1909ல தர்ஸ்டன் எழுதியிருக்கார். அந்த வளரியை ஒடைச்சுட்டு வைங்கன்னு யாரும் சொல்லலையே?

எங்க ஊர்ப் பாறையில இசைக் கல்வெட்டு இருக்கு. யாரும் பாட முடியாதபடி கொத்திட்டு அப்புறமா பாதுகாக்கலாம்னா சும்மா இருப்பீங்களா?

டிஸ்கி: பட்டறைக்குப் போறதுக்கு முந்தி அந்தக் கப்பல் படத்தை செல்போன்ல நாலு போட்டோ எடுத்தேன். ரெண்டு ஷேக் ஆயிருக்கு :-(