தற்கொலை ஆபத்துக்குப் புள்ளியிடும் உள்துறை அமைச்சு

பிரித்தானியாவில் தஞ்சம் மறுக்கப்பட்ட ஈழத்தமிழர் ஒருவர், திருப்பி அனுப்பினால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று கூறும்போது, அதற்குச் சான்று கேட்கிறது உள்துறை அமைச்சு. உளவியலாளரின் அறிக்கையைக் கொடுத்தால், அவர் சொன்னதைக் கேட்டு எழுதியது என்று தள்ளப்படுகிறது. அறிக்கை இல்லையேல், மருத்துவச் சான்றே இல்லை என்று தள்ளப்படுகிறது.

உளவியலாளர் செய்வது சோதிடம் அன்று. முன்பு முயன்றதுண்டா, திட்டம் உண்டா, உறக்கம் எப்படி, நம்பிக்கை முற்றாக அற்றுப்போயிற்றா, பற்றிக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று நேரடியாகக் கேட்டு, அந்த மனிதரைக் காக்கும் வழியை அவரோடு சேர்ந்து வகுப்பதே அவருடைய பணி. (இப்படிக் கேட்பதே எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற அச்சம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு, ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.) இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், 2022 செப்டெம்பரில் இதைத் திட்டவட்டமாகவே சொல்லிவிட்டது: புள்ளியிடும் அளவுகோல்களைக் கொண்டு தற்கொலையை முன்கணிக்கக் கூடாது, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மனிதரை வகைபிரிக்கவும் கூடாது. மருத்துவமனைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட கணிப்பைக் குடிவரவுத் தீர்ப்பாயத்தில் மட்டும் எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

இந்தச் சட்டவழி தமிழரின் வழக்குகளாலேயே வகுக்கப்பட்டது. ஜே என்ற எழுத்தால் மட்டும் அறியப்படும் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், 2005ஆம் ஆண்டு, இலண்டனில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் தற்கொலை ஆபத்தை எடைபோட ஆறு விதிகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று, மனுதாரரின் அச்சத்துக்குப் புறநிலை ஆதாரம் உண்டா என்பது. நான்கு ஆண்டுகள் கழித்து, வன்னியில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த 2009 ஏப்ரலில், வை, இசட் எனப்பட்ட இருவரின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அவர்கள் சித்திரவதைக்கு உள்ளானதைக் கீழ்த் தீர்ப்பாயம் மறுக்கவில்லை. இனி ஆபத்தில்லை என்றுதான் சொன்னது. நீதியரசர் செட்லி அந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்தார். முன்பு நேர்ந்த கொடுமையிலிருந்து எழும் அச்சம், இன்று ஆதாரமற்றதாக இருப்பினும், ஒருவரைச் சாவை நோக்கித் தள்ளப் போதுமானது என்று ஏற்கப்பட்டது. 2013இல் மேல் தீர்ப்பாயம், இலங்கை முழுவதற்கும் பணியில் இருந்த உளநல மருத்துவர்கள் 25 பேர் மட்டுமே என்பதைப் பதிவுசெய்து, கடும் மன உளைச்சலில் இருந்த தமிழர் ஒருவரை அனுப்ப மறுத்தது.

நீதிமன்றம் வரை வந்தவர்களுக்கு இவ்வளவாவது கிடைத்தது. ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய ஹார்மண்ட்ஸ்வேர்த், கோல்ன்புரூக் போன்ற தடுப்பு நிலையங்களில் இருப்போருக்கு என்ன காவல்? 2001ஆம் ஆண்டின் தடுப்பு நிலைய விதிகளில் 35(2) என்ற பிரிவு உண்டு. ஒருவரிடம் தற்கொலை எண்ணம் இருப்பதாக ஐயம் எழுந்தால் மருத்துவர் அறிக்கை எழுத வேண்டும். அது தடுப்புக்காவலையே மறுபரிசீலனை செய்ய வைக்கும். கற்விக் விமான நிலையத்தருகே உள்ள புரூக் ஹவுஸ் பற்றி கேட் ஈவ்ஸ் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2023 செப்டெம்பரில் வெளிவந்தது. அது ஆராய்ந்த 2017 ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரையான காலத்தில் அத்தகைய அறிக்கை ஒன்றுகூட அங்கு எழுதப்படவில்லை. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டவர்கள் இல்லாமல் அல்ல. அவர்கள்மீது காவலர்களின் கண்காணிப்புப் படிவம் திறக்கப்பட்டது, அவ்வளவே. கதவுத் துவாரம் வழியே பார்ப்பது மதிப்பீடு ஆகிவிடுமா?

மொழியும் இதில் சேர்கிறது. யாழ்ப்பாண உளநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். பெருமூச்சு என்ற சொல்லே அவர் நோயாளரிடம் துயரின் பெயராக இருந்தது. "ஒரே யோசினை" என்று வன்னித் தாய் சொன்னால், அவர் எதையோ ஆலோசிக்கிறார் என்றா பொருள்? அதை அப்படி மொழிபெயர்க்கும் ஒருவர் அமர்ந்திருக்கும் அறையில் "ஆபத்து குறைவு" என்று குறிக்கப்படுவதில் வியப்பில்லை.

அமைச்சு செய்ய வேண்டியது கடினமானதல்ல. கண்காணிப்புப் படிவம் திறக்கப்படும் அதே நாளில் 35(2) அறிக்கையும் எழுதப்பட வேண்டும். அதை எழுதுபவர் தடுப்பு நிலைய நிர்வாகத்தின் ஊதியத்தில் இல்லாத மருத்துவராகவும், உடன் இருப்பவர் ஈழத்துப் பேச்சுவழக்கு அறிந்த மொழிபெயர்ப்பாளராகவும் இருக்க வேண்டும்.