செல்லாத்தாளும் செல்லாச்சொல்லும்

சென்ற திங்கள், திருச்சிராப்பள்ளியை அடுத்த சீயபுரத்தில், வாழைத்தோட்டக் கூலியாக உழைத்து ஓய்ந்த அம்மையார் ஒருவர் நம் முன் ஒரு சுருக்குப்பையை அவிழ்த்தார். உள்ளே பதினான்கு பழைய ஐந்நூற்று உருபாத் தாள்கள். அரிசிப்பானையின் அடியில் வைத்து மறந்தவையாம். "இதை எங்கே மாற்றலாம், ஐயா?" என்றார். எங்கும் மாற்றவியலாது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

தி.பி. 2047 (கி.பி. 2016) நவம்பர் 8 இரவு, தலைமையமைச்சர் தொலைக்காட்சியில் இந்தியிலும் பின் ஆங்கிலத்திலும் பேசினார். நள்ளிரவோடு 500, 1000 உருபாத் தாள்கள் செல்லாதவையாயின. வங்கியில் செலுத்தத் திசம்பர் 30 வரை பொழுது தந்தனர். 1978-இலும் இவ்வாறு நடந்ததுண்டு. அன்று வீழ்ந்தவை 1000, 5000, 10,000 உருபாத் தாள்கள். ஏழை கண்ணாலும் காணாதவை. 2016-இல் வீழ்ந்ததோ ஏழையின் சுருக்குப்பை!

கள்ளப்பணம் ஒழியும் என்றனர். 99 விழுக்காட்டிற்கு மேல் திரும்பிவிட்டதென இரிசர்வ் வங்கியே 2018-இல் கணக்குக் காட்டியது. திரும்பாதது ஏறத்தாழ 10,720 கோடி உருபா. அவை யாருடையவை? திருப்பூர் மாவட்டப் பூமலூரில் உடன்பிறந்த மூதாட்டியர் இருவர், தாம் சேர்த்த 46,000 உருபாவும் வெறுந்தாள் என்பதை 2019-இல்தான் அறிந்தனர். அவர்களா கள்ளப்பணக்காரர்? அந்நாளில் அயல்நாட்டிலிருந்த குடிமக்களுக்கு 2017 வரை நாள் நீட்டித்தந்த அரசுக்கு, ஊர்க்கோடியிலிருந்த கிழவியர் நினைவுக்கு வரவில்லை.

பணத்தாள் என்பது அரசு எழுதித்தந்த கடன்சீட்டு. இத்தொகையைத் தருவேன் என்னும் உறுதிமொழி அதன்மேலேயே உள்ளது. அதுவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. தமிழுக்குப் பின்புறத்துப் பட்டியலில் தொகையின் பெயரெழுத ஒரு வரி, அவ்வளவே. இங்கிலாந்து வங்கி தன் பழந்தாள்களை எந்நாளும் மாற்றித்தருகிறது. செருமானியர் தம் பழைய மார்க்குத் தாளை இன்றும் மாற்றிக்கொள்ளலாம். இங்கோ, 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடனையே அழித்துவிட்டது.

அச்சட்டப்படி அத்தாள்களில் பத்துக்கு மேல் வைத்திருப்பதே குற்றம். ஆய்வுக்கும் பணத்தாள் தொகுப்புக்கும் ஆயின் இருபத்தைந்து. மீறினால் பத்தாயிரம் உருபா, அல்லது தாள்மதிப்பின் ஐந்து மடங்கு, இவற்றுள் மிகுதியானது வரை தண்டம். ஆதலின், மாற்றித்தருவதாகத் தரகர் எவரேனும் வந்தால் நம் அன்பர்கள் வாயிலிலேயே திருப்பியனுப்புக.

2000 உருபாத் தாளின் நிலை வேறு. 2023-இல் திரும்பப் பெற்றனரேயன்றிச் செல்லாதென அறிவிக்கவில்லை. சென்னை இரிசர்வ் வங்கி அலுவலகத்தில் தரலாம். அஞ்சலகம் வழியாக அவ்வலுவலகத்துக்கு அனுப்பித் தம் வங்கிக்கணக்கில் வரவுவைக்கவும் செய்யலாம். அண்டை அயலிலுள்ள முதியோர் வீடுகளில் உடனே கேட்டறிக.

பழந்தாள்களுக்கும் இத்தகைய வழியொன்று வேண்டும். வட்டாட்சியர் சான்றளிக்கும் ஏழை முதியோர்க்கு, ஓர் எல்லைத் தொகைவரை, மாற்றித்தரச் சட்டத்தைத் திருத்துக. அதனை ஊர்தோறும் தமிழில் அறிவிக்க என நடுவணரசைக் கேட்கிறோம். அதுவரை அவ்வம்மையார் பத்துத் தாளை வைத்துக்கொள்ளலாம். எஞ்சிய நான்கைக் கிழித்தெறியச் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.