இடைநிற்கும் தொகுப்பாளர்

தூரத்திலிருக்கும் கணினி ஒன்றினுள் நுழைந்து அதனை ஆள்வதற்கென ஏற்பட்ட ஓபன்எஸ்எஸ்எச் சர்வரை டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் வகைகளில் நிறுவ வேண்டுமானால், ‘ஆப்ட்’ என்னும் தொகுப்பு மேலாளருக்கு ஒரே வரியில் கட்டளையிட்டால் போதும். அது வேண்டிய கோப்புகளையும் அவற்றுக்குத் துணையான நிரல்களையும் இறக்கி, முத்திரையைச் சரிபார்த்து, உரிய இடங்களில் வைத்து, சர்வருக்கு அடையாளச் சாவிகளையும் உண்டாக்கி, சேவையைத் தொடங்கியும் விடுகிறது. 22-ஆம் போர்ட் அந்தக் கணமே திறந்துகொள்கிறது. சர்வர் இணையத்தை நேரே நோக்கியிருக்குமானால், லாகைப் புரட்டும் நிர்வாகி, முகம் தெரியாதவர்கள் ‘ரூட்’ என்றும் ‘அட்மின்’ என்றும் பெயர் சொல்லிக்கொண்டு பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்த முயற்சிகள் குவிந்து கிடப்பதைச் சீக்கிரமே காண்பார். இத்தனை சௌகரியமும் இத்தனை அபாயமும் ஒரே வரிக்குள் அடங்கியிருப்பதனால், அந்த வரிக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று விசாரிப்பது அநாவசியமன்று.

1999 முதல் இந்த மென்பொருளைப் பேணி வருபவர்கள் ஓபன்பிஎஸ்டி குழுவினர். ஆயினும் அவர்கள் எழுதியது எழுதியபடியே நம்மிடம் வந்து சேர்வதில்லை. டெபியனுக்கென்று அதைத் திருத்தியும் ஒட்டியும் கட்டித் தருகிற தொகுப்பாளர் ஒருவர், பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர், இடையில் இருக்கிறார். முத்திரையோ பொருளை அனுப்பியவர் இன்னாரென்பதற்குத்தான் பிரமாணமே தவிர, பொருளின் யோக்கியதைக்குப் பிரமாணமாகாது.

இந்த இடைநிலையில் விபரீதங்கள் நேர்ந்திருக்கின்றன. 2006-இல் டெபியன் தொகுப்பாளர் ஒருவர், நினைவகப் பிழைகளைத் தேடும் கருவி குறைகூறியதென்று சாவிகளை உண்டாக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க நிரலிலிருந்து இரண்டு வரிகளை நீக்கியதன் விளைவாக, கணிக்க முடியாததாக இருக்க வேண்டிய சாவி, புராசஸ் எண் ஒன்றை மட்டுமே நம்பிப் பிறக்கலாயிற்று. ஒரு வகைக் கணினியில், ஒரே நீளமுள்ள சாவிகள் ஏறத்தாழ 32,000-க்குமேல் உண்டாகவே வழியில்லை. 2008 மே மாதத்தில் இது வெளிப்பட்டபோது, தொகுப்பைப் புதுப்பித்தால் மட்டும் தீராமல், இடைக்காலத்தில் பிறந்த சாவிகளையெல்லாம் களைந்தெறிய வேண்டியதாயிற்று. 2024-இல் நடந்ததோ பிழையன்று, சூழ்ச்சி. எக்ஸ்இசட் என்னும் சுருக்கு நிரலில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஈராண்டுகளுக்கு மேலாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்றைப் புதைத்தார். ஓபன்எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் இயல்பில் யாதொரு சம்பந்தமும் இல்லை. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டிக்குச் செய்தி சொல்வதற்காக டெபியன் முதலியோர் சேர்த்த ஒட்டுத்தான் அவ்விரண்டையும் பிணைத்திருந்தது. உள்நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகித்து ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால், நிலையான பதிப்பை எட்டுமுன் அது அகப்பட்டது. (அரை விநாடியைப் பொறுக்காதவர்களும் உலகத்துக்கு வேண்டியிருக்கிறது.)

இவற்றைக் கேட்டவர் சிலர், இடையில் ஒருவர் எதற்கு, மூலநிரலை நாமே இறக்கிக் கட்டிக்கொள்ளலாமே என்கிறார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. எக்ஸ்இசட் கள்ளவழியை இயக்கும் துணுக்கு, எல்லாரும் படிக்கக்கூடிய களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கென்று கட்டிய மூலப்பொதியிலேதான் ஒளிந்திருந்தது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. மேலும், கட்டுவது ஒருநாள் வேலை. பேணுவது அந்தச் சர்வர் உள்ளளவும் தீராத வேலை.

2024 ஜூலை முதல் தேதி, ஓபன்எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புக இடந்தரும் பெருங்குறை ஒன்றைக் குவாலிஸ் நிறுவனத்தார் அறிவித்தார்கள். மூல ஆசிரியர்களின் திருத்தம் 9.8 என்ற பதிப்பாக வந்தது. டெபியன் 12-இன் தொகுப்பாளரோ தம்மிடமிருந்த 9.2 பதிப்பை மாற்றாமல், அத்திருத்தத்தை மட்டும் அதனுள் பொருத்தி, எண்ணின் வாலில் ‘டெப்12யூ3’ என்று எழுதி அனுப்பினார். தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்த நிர்வாகி விரலசைக்காமலே காப்பாற்றப்பட்டார். ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் அந்த வாலைப் படிப்பதில்லை. அவருடைய ஸ்கேனர் 9.2 என்பதைக் கண்டதும் சிவப்புக் குறியிடுகிறது, அவரும் 9.8 இல்லாமல் கையெழுத்திட மாட்டேன் என்கிறார். அந்த நிர்ப்பந்தத்துக்கு இணங்கி, ஆப்டின் பராமரிப்பிலிருந்து சர்வரை விலக்கி 9.8-ஐத் தாமே கட்டி வைத்தவருக்கு அடுத்த திருத்தம் தானாக வந்து சேராது. 2025 பிப்ரவரியில், அடையாளம் காட்டாத அந்நியனும் சர்வரைத் திணறடிக்கக்கூடிய வேறொரு குறை அறிவிக்கப்பட்டது. அது 9.5 முதல் 9.9 வரையிலான பதிப்புகளில் இருந்தது. தணிக்கையாளர் சிவப்புக் குறியிட்ட 9.2-இல் இல்லை.