‘வைரல் ஃபீவர்தான்’... சரி, எந்த வைரஸ்? அயப்பாக்கத்திலிருந்தே தொடங்கலாம் இந்தக் கணக்கு

மழை விட்டதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் லீவு கேட்டு வரும் போன்கள் கூடும். ஆவடி மின்சார ரயிலில் இருமல் சத்தம் கேட்கும். பூந்தமல்லி கிளினிக்குகளில் டோக்கன் வரிசை வாசலைத் தாண்டும். உள்ளே பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “வைரல் ஃபீவர்தான், மூணு நாள்ல சரியாயிடும்.”

பலருக்கு அப்படியே சரியாகியும் விடுகிறது. ஆனால், அது இன்ஃப்ளூயன்சாவா, ஆர்எஸ்வியா, எச்எம்பிவியா, கொரோனாவா? நோயாளிக்கு அந்தப் பெயர் தேவைப்படாமல் போகலாம். ஊருக்குத் தேவை. யாருக்குத் தடுப்பூசி முதலில், எந்த வயதுக் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் என்பதையெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் என்ன என்பதை பிசிஆர் சொல்லும். இதுவரை உடம்பு எந்தெந்த வைரஸைச் சந்தித்திருக்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி சொல்லும். இந்த இரண்டாவது கணக்கு எடுப்பதில் நாட்டுக்கே வழிகாட்டிய நிறுவனம் இதே பகுதியில்தான் இருக்கிறது. அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அது.

எண் ஒன்று, அர்த்தம் பல

கொரோனா காலத்து தேசிய ஆன்டிபாடி ஆய்வுகளில் முக்கியப் பங்கு வகித்தது இந்த நிறுவனம். 2020 மே-ஜூனில் பெரியவர்களில் 0.73 சதவீதம் பேருக்கே தொற்று ஏற்பட்டிருந்ததாக முதல் சுற்று மதிப்பிட்டது. 2021 ஜூன்-ஜூலையில் நடந்த நான்காம் சுற்றில் ஆன்டிபாடி இருந்தவர்கள் 67.6 சதவீதம். இந்த ஆய்வுகளுக்குத் தமிழகத்தில் தேர்வான மாவட்டங்கள் சென்னை, கோவை, திருவண்ணாமலை. ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் திருவள்ளூர் அதில் இல்லை. மாவட்டவாரியாகக் கணக்கெடுத்தது மாநில அரசின் தனி ஆய்வுதான்.

அந்த மாநில ஆய்வில் ஒரு பாடம் இருக்கிறது. 2020 அக்டோபர்-நவம்பரில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. 2021 ஏப்ரலில் அது குறைந்தது! ஏற்கெனவே தொற்று வந்தவர்கள் வராதவர்களாக மாறிவிட முடியுமா? முடியாது. பலரது ரத்தத்தில் ஆன்டிபாடி வற்றி, கருவி பிடிக்கும் எல்லைக்குக் கீழே போயிருந்தது. அதே சமயம் இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்தது. ஜூன்-ஜூலையில் நடந்த அடுத்த சுற்றில் அளவு சுமார் 66 சதவீதம்.

ஆக, எத்தனை சதவீதம் என்று கேட்டால் மட்டும் போதாது. எதைக் கொண்டு அளந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அளவுகோல்கள் எப்படி வேலை செய்கின்றன?

மிகப் பழைய முறைகளில் ஒன்று 1941-ல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கண்டறிந்ததிலிருந்து வளர்ந்தது. இன்ஃப்ளூயன்சா வைரஸ் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் அது நடக்காது. செலவு குறைவு, நம்பகமானது. ஆனால் ஒவ்வொரு ஃப்ளூ வகைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சிவப்பணுக்களை இப்படி ஒட்ட வைக்காத ஆர்எஸ்விக்கு இது உதவாது.

அடுத்தது எலைசா. 96 குழிகள் கொண்ட தட்டில் வைரஸ் புரதத்தைப் பூசி ரத்தச் சீரத்தை விடுவார்கள். ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் நிறம் மாறும். புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் 2020-ல் உருவாக்கிய ‘கோவிட் கவச்’ இந்த வகைதான். ஆனால் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி எல்லாமே வைரஸை முடக்கிவிடாது. முடக்குகிறதா என்று பார்க்க, உயிருள்ள செல்களில் வைரஸையும் சீரத்தையும் சேர்த்து வளர்க்கும் சோதனை வேண்டும். அதற்கு நாள்கள் ஆகும், உயர் பாதுகாப்பு ஆய்வகமும் தேவை.

புதிய வழி, நுண்மணிகள். ஒவ்வொரு நிற மணியிலும் ஒரு வைரஸின் புரதம் ஒட்டப்பட்டிருக்கும். எல்லா மணிகளையும் ஒரே குழியில் போட்டு, சில மைக்ரோலிட்டர் சீரத்தில் பல வைரஸ்களுக்கான பதிலையும் ஒரே நேரத்தில் வாங்கலாம். இதிலும் சிக்கல் உண்டு. சாதாரண சளி தரும் கொரோனா வைரஸ்கள் நான்கு இருக்கின்றன. அவற்றுக்கான ஆன்டிபாடி, புதிய கொரோனா வைரஸின் புரதத்திலும் கொஞ்சம் ஒட்டக்கூடும்.

இந்தியாவுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. கோவிஷீல்டு போட்டவருக்கு ஸ்பைக் புரதத்துக்கு மட்டுமே ஆன்டிபாடி வரும். முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த கோவாக்சினோ வைரஸின் உள்ளே இருக்கும் ‘என்’ புரதத்துக்கும் ஆன்டிபாடியைத் தூண்டும். அதனால் ‘என்’ இருந்தாலே நோய் வந்து போயிருக்கிறது என்ற வெளிநாட்டுச் சூத்திரம் இங்கே அப்படியே செல்லாது.

பழைய ரத்தம் சொன்ன கதை

2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் தலா ஒருவருக்கு எச்எம்பிவி என்றதும் வாட்ஸ்அப் குழுக்கள் பதறின. 2001-ல் நெதர்லாந்தில் அந்த வைரஸைக் கண்டுபிடித்தவர்கள், 1958-ல் சேமித்து வைத்திருந்த ரத்தச் சீரத்தையும் சோதித்தார்கள். அதிலேயே ஆன்டிபாடி இருந்தது! ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுமே அந்த வைரஸைச் சந்தித்துவிடுவதும் தெரிந்தது. அது புது எதிரியே இல்லை.

அதே பதிலை நம்மூர் ரத்தத்தை வைத்தே சொல்ல முடிந்தால் பீதிக்கு வேலை இருக்காது.

கொரோனா போனதும் இந்தக் கணக்கெடுப்பையும் மூட்டை கட்டுவது தவறு. தொழிற்சாலைகள், ஐடி அலுவலகங்கள், நெருக்கமான குடியிருப்புகள் எல்லாம் கலந்த இந்த மேற்குப் புறநகர், தொடர் கண்காணிப்புக்குப் பொருத்தமான இடம். அயப்பாக்கத்தில் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பூந்தமல்லியில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் இருக்கிறது. நுண்மணிக் கருவிக்குச் செலவு அதிகம்தான். ஆனால் வைரஸுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் ஊசி குத்துவதைவிட, ஆண்டுக்கு ஒரு முறை ஒப்புதலுடன் எடுத்த ரத்தத்தில் பத்து வைரஸ்களுக்குப் பதில் தேடுவதும், மிச்சத்தைப் பத்திரமாகச் சேமிப்பதும் சிக்கனம். முடிவுகளை வயதுவாரியாக, எந்தக் கருவியில் அளந்தது என்ற விவரத்தோடு அரசு வெளியிட வேண்டும்.

அதற்காக ஆளாளுக்கு லேபுக்குப் போய் ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. ஒருவருடைய எண் அவருக்குப் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. ஊரின் எண்தான் பேசும். அடுத்த அலை வந்த பிறகு அதைத் தேடி ஓடுவதில் பயனில்லை.