கடல்ல சமைக்கலாமாம், கரையில கூடாதாம்!

மே மாசம் கல்யாணம், ஜூன்ல தனி அடுப்பு. முட்டத்துல எங்க வீட்டு மாடியிலதான் குடித்தனம் மக்கா. ஒரு கேஸ் ஸ்டவ், சீர்ல வந்த மிக்ஸி, அம்மை தந்த ரெண்டு மண்சட்டி. அவ்ளோதான் சொத்து.

தங்கமணியும் என்னை மாதிரி பொட்டி தட்டுறவதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவளுக்கு மீட்டிங் ஆரம்பிச்சிரும். அதனால ராத்திரி சமையல் என்னோடது. முதல் வாரம் நான் வச்ச மீன்கறியைப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க. தேங்காய் அரைக்கும்போது தண்ணியை ஊத்தித் தள்ளிட்டேன், கறி ரசமாயிட்டுது. பாவம், ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டா.

மூணாவது வாரம் மாமி வந்தாங்க. நான் சாளை வெட்டிக்கிட்டு இருக்கேன். பாத்ததும் வாசல்லயே நின்னுட்டாங்க.

"லே மக்கா, நீயா மீன் வெட்டுத? இதுக்காலே உனக்கு பொண்ணு கெட்டி வச்சோம்?"

சத்தம் உள்ள மீட்டிங்ல இருந்தவளுக்கும் கேட்டுது. ஹெட்போனைக் கழட்டிட்டு எழுந்து வந்து கத்தியை வாங்கப் பாத்தா. அதான் எனக்குத் தாங்கல. மாமி திட்டினது என்னை, குத்தவாளியா நின்னது அவ!

இதுல காமெடி என்னன்னா, மாமா விசைப்படகுல போறவர். இங்கேருந்து ஆழ்கடலுக்குப் போனா பத்து நாள், சில நேரம் அதுக்கும் மேல ஆகும் கரை திரும்ப. அத்தனை நாளும் சோறு யார் பொங்குதா? ஆம்பளைகதான். ஆடுற போட்டுல அடுப்பைப் பத்த வச்சு, மீன் வெட்டி, கறி வச்சு, பாத்திரமும் கழுவுறாங்க. சரி, கடலை விடுங்க. கல்யாண வீட்டுல அண்டா அண்டாவா அவியலும் எரிசேரியும் வைக்கிறது யாரு? அதுக்குப் பேரு கைப்பக்குவம், தாம்பூலம் வச்சுக் கூப்பிடுறோம். அதே கை சொந்த வீட்டுல கரண்டி பிடிச்சா மட்டும் மானம் போயிருமா?

ஜூன் 1லேருந்து ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில தடைக்காலம். 61 நாள் மாமா வீட்டுலதான். ஒரு டீயாவது போட்டுக் குடிச்சாரான்னு கேட்டா மாமிக்கே சிரிப்பு வந்துரும்.

'அதான் மிக்ஸி, கிரைண்டர்லாம் வந்தாச்சே, இப்ப பொம்பளைங்களுக்கு என்ன வேலை'ம்பாங்க சில அண்ணாச்சிகள். 2011ல அரசாங்கமே ரெண்டையும் இலவசமா கொடுத்துச்சு, ரொம்ப நல்ல காரியம், நானும் ஒத்துக்கிறேன். ஆனா மிக்ஸி தானா போய் தேங்காய் துருவாதுய்யா. 2024ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88ம் வீட்டு வேலை செய்ற ஆம்பளைகளோட சராசரி மட்டும்தான். கையே வைக்காதவன் கணக்குலயே வரல!

'ஆம்பளை கைக்கு ருசி வராது'ங்கறது அடுத்த பிட்டு. முதல் நாளே யார் கைக்கு வந்துச்சு? தங்கமணிக்கு இன்னும் புளி அளவு பிடிபடல. எனக்கு உப்பு. அவ தப்பு பண்ணினா 'வளர்ப்பு சரியில்ல', நான் பண்ணினா 'பாவம் புள்ள'. ஒரே சட்டி, ரெண்டு தீர்ப்பு.

அன்னிக்கு கத்தியை நான் குடுக்கல. அவளை மீட்டிங்குக்குத் துரத்திட்டு, மாங்காய் போட்டு கறியை வச்சு இறக்கினேன். மாமியைத் தேடி மாமாவும் வந்து சேந்தார். மாமி முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே சாப்பிட்டாங்க. மாமா ரெண்டாவது தடவை கறி ஊத்திக்கிட்டு மெதுவா சொன்னார்: "மாங்காயைக் கடைசில போடணும்லே. போட்டுல நான் அப்படித்தான் வைப்பேன்."