குடிநீரும் எல்லை வாதமும்

ஆடிப்பெருக்கு நாளில் ஒகேனக்கல்லில் நீராடி, தேசநாதேசுவரரைத் தொழுது, காவிரி நீரைச் செம்பில் முகந்து இல்லம் ஏகுவோர் பலர். ஆயினும் அதே தருமபுரி மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் நெடுங்காலம் பருகக் கிடைத்தது ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரே. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்தால் அது குடிக்கத் தக்கதன்று. நாட்பட அருந்தினால் சிறார் பற்களில் பழுப்புக் கறை ஏறும். முதியோரின் மூட்டும் முதுகும் இறுகும். சந்நிதியில் விழுந்து வணங்கவும் உடல் வளையாது. நீரைக் காய்ச்சுவதாலும் பயனில்லை; வற்ற வற்ற அவ்வுப்பின் செறிவு கூடவே செய்யும்.

இதற்குத் தீர்வாக எழுந்ததே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 1998-இல் மத்திய அரசின் முன்னிலையில் இரு மாநிலங்களும் இசைந்தது அது. 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டியதும், ஒகேனக்கல் எவருக்குரியது என்ற வாதம் கர்நாடகத்தில் மூண்டது. சென்னையில் திரையுலகினர் உண்ணாவிரதம் இருந்தனர். கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டம் நிறுத்திவைக்கப்படும் என ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. இரு புறத்து மேடைகளிலும் எல்லையே பெரிதாகப் பேசப்பட்டது. தாகம் யாருடையது என்று கேட்டோர் சிலரே. காவிரித் தாய்க்கு ஏது எல்லை!

2013-இல் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடிக்கல் நாட்டிய ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது ஐந்து. அதன் நிலையான முன்பற்கள் ஈற்றுக்குள் உருப்பெறும் பருவம் பெரும்பாலும் கழிந்திருந்தது.